ஆவாரங்கட்டையும் எருக்கிலையும்: கல்வராயன் அடிவாரத்து இரும்பின் கதை

கள்ளக்குறிச்சி என்றவுடன் இன்று பலருக்கு நினைவில் எழுவது 2024 சூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கள்ளச்சாராயம். இன்னும் சிலருக்கு அவ்வட்டாரத்துக் கரும்பும், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய ஊர்களின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் நினைவுக்கு வரலாம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, உலகின் மிகச் சிறந்த எஃகைச் செய்த நிலங்களுள் ஒன்று என்று சொன்னால் அவ்வூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். நம் வகுப்பறைகளுக்குச் சங்கராபுரம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களிடம் மேல்சிறுவளூரைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். 'அங்கே என்ன இருக்கிறது, ஐயா?' என்பதே இதுவரை கிடைத்த விடை.

அங்கே இருப்பது கிட்டம். இரும்பு உருக்கும்போது கழிந்து உறைந்த, கறுத்துப் புரைபட்ட கட்டிகளைக் கிட்டம் என்பர். சித்த மருத்துவம் கற்றவர்களுக்கு இது நன்கு அறிமுகமான சொல். பழைய கிட்டத்தைப் பொடித்துச் சோகை நோய்க்கு மருந்து செய்வார்கள். தென்பெண்ணைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில், 1990-களின் தொடக்கத்தில் சாரதா சீனிவாசன் என்னும் தொல்லுலோக ஆய்வாளர் பழைய செம்பு உருக்குத் தலங்களைத் தேடி வந்தார். செம்பைத் தேடியவருக்குக் கிடைத்தது எஃகு. கிட்டத்தோடு உடைந்த மூசைகளும் மேல்சிறுவளூரில் கிடந்தன. மூசையாவது, உலோகத்தை உருக்குவதற்கான மண்கலம். பொற்கொல்லர் குகை என்று சொல்வதும் அதனையே. மூசைச் சுவரில் ஒட்டியிருந்த சிறு உலோக மணியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அது நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேல் கரி கலந்த உயர்தர எஃகு எனத் தெரிந்தது. 1994-ல் இலண்டன் தொல்லியல் நிறுவனத்தின் ஆய்விதழில் இச்செய்தி அச்சேறியது. கொங்கு நாட்டுக் கொடுமணலை அகழ்வாய்வு வழியாக நாம் அறிவோம்; அத்தகைய எஃகுத் தொழிலின் இன்னொரு களம் தென்னார்க்காட்டின் மேற்கோரத்திலும் இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று.

இந்த எஃகு எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் வரும் வழக்குகளுக்கும் வாணிகங்களுக்கும் இதுவே அடி.

சேலம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை ஆகிய நிலப்பகுதியின் இரும்புத்தாது பெரும்பாலும் மேக்னடைட் எனப்படும் காந்தத் தாது. தூய மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு உண்டு. ஆனால் நம் மலைகளில் அது தூயதாகக் கிடைப்பதில்லை. வெண்கல் வரியும் கறுப்பு வரியும் மாறிமாறி அடுக்கிய பாறையாகக் கிடக்கிறது. மொத்தத்தில் இரும்பு நாற்பது பங்கைத் தொடுவதே அரிது. ஆகவே பழைய உருக்காளர்கள் முதலில் கல்லை இடித்தார்கள். இடித்த பொடியை முறத்தில் புடைத்தோ நீரில் அலசியோ இலேசான வெண்மணலை நீக்கினார்கள். மழை பெய்து ஓடைகளில் ஒதுங்கிய கறுப்பு மணலைக் கூட்டி அள்ளுவதும் உண்டு. மலையே இடித்துப் புடைத்துக் கொடுத்த தாது அது. பிறகு, ஆளுயரத்துக்கும் குறைந்த மண் உலையில் மரக்கரியும் தாதுவும் அடுக்கடுக்காக இட்டு, ஆட்டுத்தோல் துருத்தி இரண்டை மாற்றிமாற்றி மிதித்தோ அழுத்தியோ காற்றூதினார்கள். சில மணி நேரங் கழித்து உலையின் முன்சுவரை உடைத்தால் உள்ளே கிடைப்பது உருகிய இரும்பன்று. பஞ்சுபோல் புரைபட்ட, கிட்டம் சிக்கிய பிண்டம். அதைச் சுடச்சுடச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கினால் தேனிரும்பு வரும்.

அதுவரை எல்லா நாட்டாரும் செய்த வேலைதான். தமிழகத்துக்கும் தக்காணத்துக்கும் உரிய தனிச்செயல் அடுத்த படியில் இருக்கிறது. தேனிரும்பைத் துண்டுபோட்டு, களிமண்ணும் உமியும் கலந்து செய்த மூசைக்குள் வைத்தார்கள். அதனுடன் உலர்ந்த ஆவாரங்கட்டைத் துண்டுகள் சிலவும் பச்சை எருக்கிலைகளும் இட்டு வாயைக் களிமண்ணால் பூசி அடைத்தார்கள். இருபதுக்குக் குறையாத மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் விடாது ஊதினார்கள். கட்டையும் இலையும் கரிந்து அந்தக் கரி இரும்புக்குள் ஏற, இரும்பு உருகி எஃகாயிற்று. ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே கூம்புபோன்ற சிறு கட்டி. பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. பொங்கலுக்குக் கூரையில் செருகும் ஆவாரையும் பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கும் உலகச் சந்தையை ஆண்ட ஒரு பொருளுக்குள் போயிருக்கின்றன என்பதை நாம் பாடநூல்களில் எங்கும் எழுதிவைக்கவில்லை.

தமிழாசிரியர்களாகிய நமக்குச் சொல்லைப் பற்றிப் பேசாமல் நகர மனம் வராது. எஃகு என்னும் சொல் சங்க இலக்கியத்தில் வேலுக்கும் கூரிய படைக்கும் பெயராய் வழங்குகிறது. உருக்கிச் செய்தது உருக்கு. கன்னடத்தார் உக்கு என்பர். 1794-ல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு இந்த எஃகின் மாதிரிகளை அனுப்பினார். மறு ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். அந்தக் கைமாற்றத்தில் உக்கு என்பது எப்படியோ 'வூட்ஸ்' ஆகிவிட்டது. எழுத்துப்பிழை என்பதே பலர் கருத்து. அப்பிழையே இன்றும் உலக வழக்கு! கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் இவ்வெஃகைப் பகுத்தாராய்ந்தார். அலுமினாவும் சிலிக்காவும்தாம் இதன் வலிமைக்குக் காரணம் என்று அவர் எண்ணியது பின்னர் தவறாயிற்று. ஆயினும் அம்முயற்சியே அவரையும் ஸ்டோடார்ட்டையும் கலப்பு எஃகுச் சோதனைகளில் இறக்கிவிட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கலாம். ஒரு கிலோ எஃகுக் கட்டிக்கு எத்தனை மடங்கு தாதுவும் எத்தனை மடங்கு விறகும் செலவாகியிருக்கும்! அவையனைத்தும் காட்டோரத்திலேயே தீர்ந்துபோயின. மலையடிவாரத்தை விட்டுப் புறப்பட்டது மிகச் சிறிய, மிக விலையுயர்ந்த பொருள் ஒன்றே. பொதிமாட்டின் முதுகிலும் தலைச்சுமையிலும் அது துறைமுகம் சேரலாம். கூலி கொடுத்தும் மிஞ்சும். பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போய் வாளாயிற்று. வாங்கியவன் அதை டமாஸ்கஸ் வாள் என்றான். செய்தவன் ஊர்ப்பெயர் கூட ஏறவில்லை என்ற குறை இருந்தாலும், தொழில்நுட்பமும் மதிப்பும் உலைக்களத்திலேயே உண்டாயின. ஏற்றிச் சென்றது முடிந்த பொருளை.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர். பறவைகளைச் சேகரித்து ஆராய்வதிலும் ஈடுபாடுடையவர். சேலத்துத் தாதுவையும் நம் கொல்லர்களின் எஃகையும் கண்ணாரக் கண்டு, இதை ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலையில் செய்தால் இங்கிலாந்து சுவீடனிடம் இரும்பு வாங்க வேண்டியதில்லை என்று கணக்கிட்டார். 1825-ல் பணியை விட்டு விலகினார். சென்னை அரசு அவருக்கு முன்பணமும், ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும், பரந்த நிலப்பரப்பில் விறகு வெட்டும் உரிமையும் வழங்கியது. 1830-ல் வெள்ளாற்று முகத்துவாரத்தில், பறங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. போர்ட்டோ நோவோ இரும்பாலை என்று நூல்கள் குறிப்பது இதனையே. பின்னர் மலபாரில் பேப்பூர், சேலத்தருகே காவிரிக்கரையில் பாலம்பட்டி, தென்னார்க்காட்டில் திருவண்ணாமலை ஆகிய இடங்களிலும் கிளைகள் தோன்றின.

பறங்கிப்பேட்டையை ஏன் தேர்ந்தார்? வாடிக்கையாளர் இங்கிலாந்தில் இருந்தார். கப்பல் கரையோரத்தில் வந்து நிற்கும். அதனால் உலையும் கரையில் நின்றது. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை தெரியும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி மணிமுக்தாற்றில் கலக்கிறது. மணிமுக்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பறங்கிப்பேட்டையில் கடலடைகிறது. மலைக்குத் தெற்கே ஆத்தூர் வழி வரும் வசிட்ட நதியும் வெள்ளாற்றுக்கே உரியது. நம் மலை மணலைப் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கடலுக்குக் கொண்டுபோன அதே ஆற்றின் வாயில் ஆலை அமைந்துவிட்டது. ஆனால் வெள்ளாறு ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. தாது சேலத்துப் பக்கத்திலிருந்து நூறு மைலளவு வந்தாக வேண்டும். தென்னாட்டின் முதல் ரயில் ஓடியதே 1856-ல்தான். ஆலை தொடங்கி அப்போது இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவரை வண்டிமாடும் நீர்வழியுமே துணை. அரைவாசிக்கு மேல் வெறுங்கல்லாக இருக்கும் தாதுவை நூறு மைல் இழுத்து வருவதென்றால், கூலியில் பாதிக்கு மேல் கல்லுக்குக் கொடுத்த கூலி.

தாதுவையாவது எப்படியோ கொண்டுவந்தார்கள். கரிதான் ஆலையைக் கொன்றது. பெரிய ஊதுலையும் மரக்கரியில்தான் எரிந்தது. தென்னாட்டில் நிலக்கரி கிடையாது. ஒரு டன் வார்ப்பிரும்புக்குச் சில டன் கரி. ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு. ஆயிரம் டன் இரும்பு என்றால் எத்தனை காடு என்பதை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம். ஆலையைச் சூழ்ந்த குறுங்காடுகள் முதலில் தீர்ந்தன. பிறகு கரியும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. தாது மேற்கே, காடு மேலும் மேற்கே, உலை மட்டும் கடலோரத்தில். இரும்பு மட்டும் நல்லிரும்பு. அதை ஷெஃபீல்டில் எஃகுக்கு விரும்பி வாங்கினார்கள். 1850-ல் திறக்கப்பட்ட வேல்ஸ் நாட்டு பிரிட்டானியா குழாய்ப்பாலத்தில் பறங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்ததாகப் பல நூல்கள் குறிக்கின்றன. சரக்கு நன்றாயிருந்தும் கணக்கு நேராகவில்லை. 1833-ல் ஒரு கம்பெனி, 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று பெயரும் முதலாளிகளும் மாறினர். 1860-களில் உலைகள் அணைந்தன. 1874-ல் கம்பெனியும் கலைந்தது.

ஹீத்தின் சொந்தக் கதை இதனினும் துயரமானது. தாயகம் திரும்பி ஷெஃபீல்டில் தங்கிய அவர், மூசையில் எஃகு உருக்கும்போது கரியோடு கூடிய மாங்கனீசைச் சிறிதளவு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்ல எஃகு வரும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் தொழிலையே இது மாற்றியது. எஃகின் விலை பெரிதும் இறங்கியது. ஆனால் அவருடைய முகவராயிருந்த அன்வின் என்பவர், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டு, 'காப்புரிமையில் சொன்னது சேர்ந்த பொருள். நான் இடுவது பிரிந்த பொருள்' என்று வாதாடினார். மூசைக்குள் இரண்டும் சேரத்தான் செய்யும் என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். வழக்கு பல ஆண்டுகள் பல மன்றங்களில் நடந்து, 1855-ல் பிரபுக்கள் அவை ஹீத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் இல்லை, 1851-லேயே இறந்துவிட்டார்.

அவருக்காக இரங்கலாம். ஆனால் இரக்கம் அவரோடு நின்றுவிடுவது முறையன்று. மூசைக்குள் கரிப்பொருளை இட்டு அடைத்து எஃகு செய்யும் வித்தையைச் சேலத்து உருக்காளர்களிடம் நேரில் பார்த்து, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வரை 1839-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்கு எழுதி விளக்கியவர் அவர். எகிப்தியரின் கல்தூண்களில் எழுத்துப் பொறித்த உளிகளும் இந்திய எஃகால் ஆனவையாகலாம் என்று ஊகிக்கும் அளவுக்கு அத்தொழிலை மதித்தவர். மாங்கனீசு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் காப்புரிமைக்காக நீதிபதிகள் முன் நின்று வாதிட அவருக்காவது இடம் இருந்தது. துருத்தி மிதித்தவர்களுக்கு எந்த மன்றமும் இல்லை.

அவர்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டு பக்கமும் நெருக்குண்டார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்திலிருந்து மலிவான பட்டை இரும்பு கப்பலில் வந்து குவிந்தது. ரயில் அதைச் சேலம் வரை கொண்டு சேர்த்தது. தாதுவை வெளியே கொண்டுபோக வராத ரயில், அயல் இரும்பை உள்ளே கொண்டுவர வந்தது. மறுபக்கம் 1882-ன் சென்னை வனச்சட்டம். காப்புக்காடு என்று கல் நட்ட பிறகு, கரி சுடுவது உரிமைச்சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்ட செயலாயிற்று. கம்பெனியின் உலைகளுக்குக் காடுகளைத் திறந்துவிட்ட அரசு, அவை அழிந்தபின் மிச்சத்தைக் காப்பதற்காகச் சிற்றுலைகளை மூடச் செய்தது. கல்வராயன் மலைமேல் நிலைமை சற்று வேறு. அங்கே சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனும் ஜாகீர்தார்களின் ஆட்சியே நெடுங்காலம் நீடித்து 1976-ல்தான் முடிந்தது. அடிவாரத்துச் சமவெளி உலைகளோ அதற்கு மிக முன்பே அணைந்துவிட்டன. 1892-ல் நிலவியலாளர் ஹாலண்டு சேலம் மாவட்டத்து இரும்புத் தொழிலைப் பற்றி அறிக்கை எழுதியபோது பதிவு செய்தது ஒரு தேய்பிறையை.

இருபதாம் நூற்றாண்டுக் கதை யாவரும் அறிந்தது, விரைந்து கடக்கலாம். சேலத்துத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் இணைத்து உருக்காலை வேண்டும் என்று தமிழகம் கேட்டது. 1967 சூலையில் அண்ணா தலைமையிலான அரசு இதற்காகவும் சேது சமுத்திரத் திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் கொண்டாடியது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் இயங்கத் தொடங்கியதோ, வெளியிலிருந்து வரும் எஃகைக் குளிர்முறையில் தகடாக உருட்டித் தரும் ஆலை. கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே கிடந்தது. சேலத்தை அடுத்த பொட்டனேரியில் பிற்பாடு எழுந்த தனியார் எஃகாலைக்கும் தாது கர்நாடகத்துப் பெல்லாரிப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறது.

அதற்கு நுட்பக் காரணமும் உண்டு. நம் தாதுவை அப்படியே ஊதுலையில் இட முடியாது. மாவாக அரைத்து, காந்த உருளைகளால் கறுப்பைப் பிரித்து, அந்த மாவை ஈரமாக்கிப் பென்டோனைட் களிமண் சிறிது சேர்த்துச் சுழலும் தட்டில் உருட்டினால் நெல்லிக்காயினும் சிறிய உருண்டைகள் வரும். அவற்றை 1,250 முதல் 1,300 பாகை வெப்பத்தில் சுட்டெடுத்தால் பெல்லட். முறத்தில் புடைத்ததைக் காந்தம் செய்கிறது. இடித்ததை ஆலை செய்கிறது. வேலை பழையது, அளவுதான் புதிது. இதே வகைத் தாதுவைக் கொண்டு இதைச் செய்து காட்டிய இடம் கர்நாடகத்துக் குதிரேமுகம். ஈரானிய முதலீட்டு உடன்பாட்டோடு 1976-ல் தொடங்கிய அரசு நிறுவனம், மலைமேல் அரைத்த தாதுவைக் குழம்பாக்கி 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூருக்கு இறக்கியது. 1987-ல் அங்கே பெல்லட் ஆலை வந்தது. உருண்டைகள் கப்பலேறி அயல்நாட்டு ஊதுலைகளுக்குச் சென்றன. நூறு மைல் வண்டிப்பாதையில் ஹீத் தோற்ற இடத்தில் ஒரு குழாய் வென்றது. ஆனால் ஒரு டன் செறிவூட்டிய மாவுக்கு இரண்டு டன்னுக்கு மேல் மலையை உடைக்க வேண்டும், மிச்சம் சேறு. அச்சேற்றைத் தேக்க லக்யாவில் ஓர் அணையே கட்டினார்கள். பத்திரை ஆற்றுக்கும் மழைக்காட்டுக்கும் நேர்ந்த கேட்டை ஆராய்ந்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததால், 2005 டிசம்பர் 31-ஓடு அங்குச் சுரங்கம் நின்றது. அதன்பின் மங்களூர் ஆலை வேறிடத்துத் தாதுவை வாங்கி உருட்டுகிறது.

இந்த மாதிரியை மனத்தில் வைத்தால், 2000-களின் பின்பாதியில் திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி, வேடியப்பன் மலைகளைச் சுற்றிய ஊர்க்காரர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள் என்பது புரியும். மாநில அரசின் நிறுவனமும் ஜிண்டல் குழுமமும் சேர்ந்த கூட்டுத்திட்டம் அது. 300 எக்டேருக்கும் மேற்பட்ட காப்புக்காடு வேண்டப்பட்டது. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்கள் திரண்டு மறுத்தனர்; சுரங்கம் தொடங்கவில்லை. தொழில் வளர்ச்சியை மறுப்பதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே; நாளும் எஃகைப் பயன்படுத்திக்கொண்டு மலை மட்டும் இன்னொருவருடையதாக இருக்கட்டும் என்பது நேர்மையாகாது. ஆயினும் அம்மலையிலிருந்து போகவிருந்தது வாளன்று, வார்ப்பன்று, மாவுதான். எஃகாகும் இடம் வேறு, கூலியும் நுட்பமும் சேரும் இடம் வேறு; ஊருக்கு எஞ்சுவது குழியும் சேறும். முன்னோர் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்பதை மேல்சிறுவளூர் மூசைகள் காட்டுகின்றன. அவர்களும் மரம் வெட்டியவர்களே. அவர்களைக் காடு காத்த முனிவர்களாக்க நமக்கு விருப்பமில்லை. அவர்கள் வெட்டிய அளவில் காடு மீண்டும் தழைத்தது என்பதே வேறுபாடு.

ஒரு வேண்டுகோளுடன் நிறுத்திக்கொள்கிறோம். கல்வராயன் அடிவாரத்து ஊர்களில், குறிப்பாகச் சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் பக்கங்களில், கிட்டம், உலை, கொல்லன், கரி என்னும் சொற்கள் கலந்த வயற்பெயர்களும் மேட்டுப்பெயர்களும் வழக்கில் இருக்கக்கூடும். ஏர் ஓட்டும்போது கறுத்த கட்டிகளும், உட்புறம் பளபளக்கும் சிறு மண்கலச் சில்லுகளும் மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் வழங்கும் இடத்தையும், அதைச் சொன்னவர் வயதையும், அவர் சொன்ன சொற்களை அப்படியே மாற்றாமலும் குறித்துவையுங்கள். சில்லுகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டாம். கிடந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் ஆய்வாளருக்கு அவற்றால் பயன் பெரிதும் குறைந்துவிடும்.